ஆகஸ்டில் இருட்டிய கொட்டில்

ஆகஸ்ட் மாதம், மணி நாலு. வெயில் இன்னும் வைக்கோல் போர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அல்டோனா தன் பதினான்கு கோழிகளையும் கொட்டிலுக்குள் ஓட்டிக் கதவைச் சாத்தினாள். சன்னலுக்கு வெளியே பழைய கம்பளம் ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அதன் மேல் தார்ப்பாய். உள்ளே கும்மிருட்டு. காலை ஏழு மணிவரை அந்தக் கதவு திறக்காது.

பக்கத்துத் தோட்டத்துக் கிழவர் ஹிப்போலித் வேலிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு இதை ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏம்மா அல்டோனா, கோழிங்க என்ன குத்தம் பண்ணுச்சு? பட்டப்பகல்ல ஜெயில்ல போடுறியே.”

“தூங்கப் போகுதுங்க.”

“இந்த வெயில்லயா?”

“உங்களுக்கும் உள்ள இடம் இருக்கு, வாங்க. ஆனா வந்தா பேசக் கூடாது. உங்களால முடியுமா?”

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஒரு வாரத்துக்குள் கலினுவ்கா கிராமம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: போன குளிர்காலத்தில் ஒன்பது கோழி செத்ததிலிருந்து அல்டோனாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இதில் பாதி உண்மை. ஒன்பது கோழி செத்தது உண்மை.

எங்கள் ஊரில் கோழி வளர்க்க ஒரு முறை உண்டு. போலந்திலேயே குளிர் முதலில் வந்து கடைசியில் கிளம்புகிற மூலை இது. பகல் குறுகத் தொடங்கினால் கோழி இறகை உதிர்க்கும். இறகு உதிர்க்கிற கோழி முட்டையிடாது. தின்கிற சத்தெல்லாம் புது இறகுக்குப் போய்விடும். ஆனால் எங்களுக்கோ கிறிஸ்துமஸுக்கு முட்டை வேண்டும். அதனால் செப்டம்பர் பிறந்ததும் ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு பல்பு ஏறிவிடும். இரவு பத்து மணிவரை எரியும். இன்னும் கோடைதான் என்று நம்பி அந்த அப்பாவி ஜீவன் முட்டை போட்டுக்கொண்டே இருக்கும். பண்டிகையெல்லாம் முடிந்து, ஜனவரி ஆறாம் தேதி மூன்று அரசர் திருநாளன்று, வாசற்கதவில் சுண்ணக்கட்டியால் அந்த அரசர்களின் பெயர் முதலெழுத்துகளை எழுதிவிட்டு நேரே கொட்டிலுக்குப் போய்ப் பல்பைக் கழற்றுவார்கள். ‘கோழிக்கும் ஓய்வு வேணாமா’ என்று ஒரு புண்ணியப் பேச்சு வேறு. பத்தாம் நாள் கோழி மொட்டை. வெளியே மைனஸ் முப்பது. செத்தது சட்டிக்கு, பிழைத்தது ஈஸ்டருக்கு. ஊருக்குக் கரண்ட் வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அல்டோனாவும் போன வருஷம் கேட்கவில்லை. மூன்று அரசர் நாளில் பல்பைக் கழற்றியவள் அவளேதான். அப்போது இருபத்து மூன்று கோழிகள் இருந்தன. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கொட்டிலைத் திறந்தபோது நான்கு கோழிகள் அவை உட்காரும் கம்பின் அடியில் செத்துக் கிடந்தன. இறகு இருக்க வேண்டிய இடத்தில் நீலம் பாய்ந்த முட்கள், இடையிடையே வெறும் தோல். ஒன்று கம்பில் உட்கார்ந்தபடியே விறைத்திருந்தது. கையில் எடுத்தால் ஒரு ரொட்டியின் கனம்கூட இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் ஒன்பது. ஊரார் போல அவற்றைச் சட்டியில் போட அவளுக்கு மனம் வரவில்லை. புதைக்கலாமென்றால் மண் கல்லாய் உறைந்து கிடந்தது. சாக்கில் கட்டி விறகுக் கொட்டகையில் வைத்தாள். ஏப்ரல் மாதம் மண் இளகும்வரை, விறகு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சாக்கு அங்கே இருந்தது.

“குளிர் கொன்னுடுச்சு, நீ என்ன பண்ணுவ” என்றான் அவள் கணவன் ஸெனோன். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவன், நல்லவன், எல்லோருக்கும் நல்லவனாக இருக்கப் பார்ப்பவன். குளிர் கொல்லவில்லை, நான் கொன்றேன் என்று அவளுக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது. வெட்கம் போகப் போகக் கோபமானது. கோழி இறகு உதிர்ப்பதை யாரும் தடுக்க முடியாது. எப்போது உதிர்க்க வேண்டும் என்பதை மட்டும்தான் மனுஷன் சொல்ல முடியும். அதை ஜனவரியில் சொல்கிற ஊர் என்ன ஊர்? சாக்கைப் புதைத்துவிட்டு மண்வெட்டியைக் கழுவும்போதே முடிவு செய்துவிட்டாள். இனி தன் கொட்டிலில் ஒரு கோழிகூடப் பனியில் அம்மணமாக நிற்காது.

ஆகவேதான் ஜூலைக் கடைசியிலேயே கம்பளம் ஏறியது. பகலை அவளே குறுக்கினாள். தீனியில் பட்டாணியையும் கோதுமையையும் நிறுத்தி வெறும் ஓட்ஸ் மட்டும் போட்டாள். இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று கோழிகள் நம்பின. ஏமாற்றுவதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஊர் அவற்றைக் கோடை என்று ஏமாற்றிக் கொன்றது. இவள் குளிர் என்று ஏமாற்றிக் காப்பாற்றப் பார்த்தாள்.

*

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். எல்லோரும் கோயிலில் மந்திரித்த மூலிகைக் கொத்தோடு வீடு திரும்புகிற நாள். ஸெனோனின் அக்கா போஷேனா தன் மகள் மல்வீனாவோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். வாசற்கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். முற்றம் முழுக்க இறகு. அதன் நடுவில் கழுத்தில் இறகில்லாத, வாலில்லாத, முதுகு தெரிகிற பதினான்கு பிறவிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

“ஏண்டி, தலையணை வெடிச்சுப் போச்சா?”

“கோழிங்க துணி மாத்துது, போஷேனா.”

“கடவுளே! இந்தச் சீமாட்டியப் பாரு, கீழ ஒண்ணுமே போடாம நிக்கிறா.”

சீமாட்டி என்பது அந்தக் கூட்டத்தில் மூத்த கோழி. போன ஜனவரியில் பாதி இறகோடு பிழைத்தது. தன் பெயரைக் கேட்டதுபோல ஒரு கண்ணால் போஷேனாவைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

மேஜையில் இறைச்சி வைத்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை இருந்தது. முட்டை இல்லை. அது எல்லோர் கண்ணிலும் பட்டது. முதலில் ஸெனோன்தான் வாயைத் திறந்தான்.

“கதிரடிக்க வந்த ஆளுங்களுக்குக் கடை முட்டை வாங்கிப் பொரிச்சுக் குடுத்தேன். கோழி இருக்கிற வீட்டுல கடை முட்டை! அவனுங்க சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டானுங்க.”

“சாப்பிட்டானுங்கல்ல?” என்றாள் அல்டோனா.

போஷேனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “சரி, இதை இப்பவே பேசிடுவோம். மல்வீனா கல்யாணம் டிசம்பர் இருபத்தாறு. செங்காச் நீதான் சுடணும். மூணு. அத்தைக்காரி தன் கொட்டில் முட்டையில சுடறதுதான் முறை. ஒண்ணுக்கு அறுபது முட்டைன்னா நூத்தியெண்பது. இந்த மொட்டைங்க உனக்குக் கிறிஸ்துமஸுக்கு முட்டை போடுமா?”

செங்காச் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணம் இல்லை. நெருப்பின் மேல் சுழலும் கோலில் கரண்டி கரண்டியாக மாவை ஊற்றி, அது சொட்டி உறைந்து கிளை கிளையாக நிற்க, ஆளுயரத்தில் பாதிக்கு வளர்கிற மரக்கேக் அது. கடை முட்டையில் சுட்டால் வெளிறிப்போகும். வெட்டினதுமே சம்பந்தி வீட்டாருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் முப்பது வருஷம் சொல்லிக்காட்டுவார்கள்.

“போடும்” என்றாள் அல்டோனா.

“எல்லாரையும் மாதிரி பல்பு போட்டிருந்தா போடும். இப்பவே உதிர்த்துட்டு நிக்குதே, இதுங்க எங்க போடப்போகுது? சரி, உதிர்க்கணும்னா என் மாமியார் மாதிரி மூணு நாள் பட்டினி போட்டிருக்கலாமே. தண்ணி கூடக் காட்ட மாட்டா. மொத்தமா கொட்டிடும், வேலை முடிஞ்சது.”

“பட்டினி போடறதுக்கு நான் கோழி வளர்க்கல.”

“பின்ன கொஞ்சறதுக்கா வளர்க்கிற? முடியலன்னு சொல்லிடு அல்டோனா. தப்பில்ல. என்கிட்ட முப்பத்தோரு கோழி இருக்கு. என் முட்டையில நீ சுட்டுக் குடு. ஊருக்குத் தெரிய வேணாம்.”

அந்த ‘ஊருக்குத் தெரிய வேணாம்’ தான் அல்டோனாவைச் சுட்டது. போன ஜனவரியில், “பல்பைக் கழட்டு, ஒண்ணும் ஆகாது” என்று அவளிடம் சொன்னதும் இதே வாய்தான்.

“நூத்தியெண்பதும் என் கொட்டில்லேர்ந்து வரும்.”

“வரலன்னா?” என்றான் ஸெனோன். விளையாட்டாகக் கேட்டானோ என்னவோ. கேட்டுவிட்டான்.

“வரலன்னா கொட்டிலை இடிச்சுட்டு உன் காரை அங்க நிறுத்திக்கோ. ஆறு வருஷமா கேக்குற இடம்தானே? ஆனா வந்துச்சுன்னா, என் கோழியைப் பத்தி இந்த வீட்டுல இனிமே ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீயும்தான். உங்க அக்காவும்தான்.”

மல்வீனா மட்டும் கைதட்டினாள். “அத்தை, நான் உங்க பக்கம்.”

“நீ சாப்பிடு” என்றாள் அவள் அம்மா.

*

செப்டம்பர் முழுக்க அல்டோனாவின் வீடு மீன் நாற்றம் நாறியது. ஏரியில் பிடிபடுகிற விரல் நீளச் சில்லறை மீனை வேகவைத்து முள்ளோடு நசுக்கினாள். பால்கட்டி, ஊறவைத்த பட்டாணி, பொடியாக நறுக்கிய காஞ்சொறி இலை. சிலருக்கு வீட்டில் பிள்ளைகளுக்குக்கூட இப்படிச் சாப்பாடு கிடையாது என்று ஹிப்போலித் வேலியோரம் நின்று அறிவித்தார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள்.

ஒரு காரியத்தில் மட்டும் அவள் கண்டிப்பாக இருந்தாள். அந்த நாட்களில் யாரும் கோழியைத் தொடக் கூடாது. முளைக்கிற இறகுக்குள் ரத்தம் ஓடும். அழுத்திப் பிடித்தால் உடைந்து வழியும், கோழி வலியில் கத்தும். கதவிடுக்கில் இருந்தே எண்ணிப் பார்ப்பாள்.

செப்டம்பர் இருபதாம் தேதி முதல் உறைபனி விழுந்தது. அன்று காலை அவள் செருப்பைக்கூடப் போடாமல் கொட்டிலுக்கு ஓடினாள். பதின்மூன்று கோழிகள் புது இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சீமாட்டி மட்டும் கழுத்தில் இன்னும் முள்ளாக, இரண்டு கொழுத்த தங்கைகளுக்கு நடுவே புகுந்து, ‘ஏன் கதவைத் திறந்து குளிரை விடுகிறாய்’ என்பதுபோலப் பார்த்தது. அல்டோனா கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பாதம் மரத்துப்போனது அப்புறம்தான் தெரிந்தது.

அக்டோபர் நடுவில் எல்லாக் கோழிகளும் எண்ணெய் பூசினதுபோல் மின்னின. நவம்பர் தொடக்கத்தில் சகல ஆத்துமாக்கள் நாள் முடிந்ததும் அவளும் ஒரு பல்பு ஏற்றினாள். ஏற்றியதும் ஊர் சிரித்தது: பார்த்தாயா, கடைசியில் பல்புக்குத்தானே வந்தாள்! ஆனால் அவளுடைய பல்பு மாலையில் எரியாது. மாலை விளக்கு பட்டென்று அணைந்தால் கோழிகள் கம்பு தெரியாமல் இருட்டில் முட்டி மோதும். அவள் விடிவதற்கு முன் ஏற்றி, வெளிச்சம் தானாகப் பகலோடு கலக்கும்படி விட்டாள். வாரத்துக்கு அரைமணி முன்னால், அரைமணி முன்னால் என்று கொண்டுபோய் அதிகாலை நாலு மணியில் நிறுத்தினாள். நவம்பர் பதினான்காம் தேதி முதல் முட்டை. கடைசி வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு எட்டு, சில நாள் ஒன்பது. நிலவறையில் ஓட்ஸ் பெட்டிக்குள் வரிசையாகப் புதைத்து வைத்தாள். ஸெனோன் ஒருநாள் இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் வராமல் மூடிவிட்டு ஏறி வந்தான்.

டிசம்பர் ஆறு, நிக்கோலாஸ் நாள். காலையில் மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே கண்ணாடியானது. மதியத்துக்குள் ஒவ்வொரு மின்கம்பியும் ஒரு கைத்தடிப் பருமன் ஆனது. மூன்று மணிக்குக் காட்டுப்பக்கம் படபடவென்று கம்பங்கள் சரிகிற சத்தம் கேட்டது, ஊர் முழுக்க ஒரே நேரத்தில் இருண்டது. அப்புறம் மழை நின்று குளிர் இறங்கியது. மைனஸ் இருபது.

அல்டோனா பரணில் இருந்த மண்ணெண்ணெய் லாந்தரை இறக்கித் துடைத்தாள்.

“என்ன பண்ணப் போற?” என்றான் ஸெனோன்.

“விடிகாலை நாலு மணிக்குக் கோழிக்கு விளக்கு வேணும்.”

“வைக்கோல் இருக்கு, கோழி இருக்கு, மண்ணெண்ணெய் இருக்கு. ஒரு கோழி தட்டிவிட்டா வீடே போயிடும். பைத்தியக்காரத்தனம் பண்ணாத.”

“அதான் நானும் உள்ளயே உக்காரப் போறேன். மடியில வச்சுக்கிறேன்.”

“நாலு மணிநேரமா? இந்தக் குளிர்லயா?”

“போன வருஷம் அதுங்க உக்காந்துச்சே. அதுங்களுக்கு மேல துணி கூட இல்ல.”

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்தாள். அவள் ஆட்டுத்தோல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, லாந்தரை மடியில் பிடித்துக்கொண்டு, நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை கொட்டிலுக்குள் இருந்தாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். கோழிகள் இறங்கித் தீனி தின்றன, அவள் பூட்ஸைக் கொத்தின. சீமாட்டி அவள் தோளில் ஏறி உட்கார்ந்து கோட்டுக் காலருக்குள் மூக்கை விட்டுக்கொண்டது. கை விரல்கள் வெடித்து ரத்தம் கசிந்தது. முட்டை எட்டிலிருந்து ஐந்துக்கு வந்தது. நாலுக்குப் போகவில்லை. நான்காம் நாள் கதவு திறந்தது. ஸெனோன் ஒரு குவளைத் தேநீரோடு நின்றான். அவளிடம் அதைக் கொடுத்துவிட்டு லாந்தரை வாங்கிக்கொண்டான்.

“நீ போய் அடுப்புகிட்ட உக்காரு. நான் பாத்துக்கறேன்.”

“கார் நிறுத்த அளவு எடுக்க வந்தியா?”

“போடி, போ.”

ஐந்தாம் நாள் மாலை கரண்ட் வந்தது.

*

ஆனால் ஊர்க் கோழிகளுக்கு அது லேட். செப்டம்பரிலிருந்து பதினைந்து மணிநேர வெளிச்சத்தில் இருந்தவை ஒரே நாளில் ஏழு மணிநேரப் பகலுக்கு விழுந்திருந்தன. மூன்று மாதமாகத் தள்ளிப்போட்ட இறகெல்லாம் ஒரே வாரத்தில் கொட்டியது. மூன்று அரசர்கள் இந்த வருஷம் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். ஹிப்போலித் கொட்டிலில் ஏழு செத்தன. அவர் வேலியோரம் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

இருபதாம் தேதி போஷேனா வந்தாள். கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்காமல் சமையலறையில் உட்கார்ந்தாள். கூட மல்வீனா.

“உன் முட்டை என்ன கணக்கு?”

“நூத்தியெண்பத்திரண்டு.”

போஷேனா பெருமூச்சு விட்டாள். அது நிம்மதிதான், ஆனால் வாழ்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “நல்லது. என்கிட்ட ஒண்ணு கூட இல்ல. முப்பத்தொண்ணும் மொட்டை. உசிரோட நடுங்கிக்கிட்டு நிக்குது. சரி, அதுவும் நல்லதுக்குத்தான். கல்யாண சூப்புக்கு எப்படியும் கோழி வேணும். நாளன்னிக்கு அறுத்துடப் போறேன். இறகு பிடுங்குற வேலை மிச்சம்.” சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள்.

அல்டோனா சிரிக்கவில்லை. விறகுக் கொட்டகையில் இருந்த அந்தச் சாக்கு அவள் கண்முன் வந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“செங்காச் மூணும் சுடறேன். ஒரு நிபந்தனை. அந்த முப்பத்தோரு கோழியையும் எனக்குக் குடு. உசிரோட. இன்னிக்கே.”

“என்னது?”

“காதுல விழுந்துச்சுல்ல?”

“உனக்கு நிஜமாவே மறை கழண்டு போச்சு. நூத்தியிருபது பேருக்கு சூப்புல என்ன போடுவேன்? என் தலையவா?”

“கடையில கோழி இருக்கு.”

போஷேனா எழுந்துவிட்டாள். “கடைக் கோழியா? என் பொண்ணு கல்யாணத்துல கடைக் கோழி சூப்பா? ஒரு வாய் வச்சதுமே சம்பந்திக்குத் தெரிஞ்சுடும். தண்ணி மாதிரி இருக்கும். காறித் துப்புவாங்கடி!”

“அப்ப கேக்குக்குக் கடை முட்டை வாங்கு. ரெண்டுல எதுல துப்பணும்னு நீயே முடிவு பண்ணிக்கோ.”

“ஸெனோன்!” என்று போஷேனா கத்தினாள். அவன் அடுப்பருகே செங்காச் சுடும் கோலைச் சீவிக்கொண்டிருந்தான். “உன் பொண்டாட்டி பேசறதைக் கேட்டியா? சொந்த மருமகள் கல்யாணத்துல பேரம் பேசறா. கல்நெஞ்சுக்காரி!”

ஸெனோன் கத்தியை நிறுத்தினான். எல்லோருக்கும் நல்லவனாக இருப்பவனுக்கு இது கஷ்டமான நேரம். அக்காவைப் பார்த்தான், மனைவியின் வெடித்த விரல்களைப் பார்த்தான்.

“நூத்தியெண்பதும் வந்துடுச்சு அக்கா. கோழியைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீயும்தான்.”

“பல்பைக் கழட்டினா ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொன்ன, நான் கழட்டினேன்” என்றாள் அல்டோனா. “ஒன்பது செத்துச்சு. உன் மேல தப்புச் சொல்லல, கை என்னோடது. ஆனா இந்த முப்பத்தொண்ணு சாகறத நான் பாக்க மாட்டேன். கல்நெஞ்சுன்னு சொல்லிக்கோ. ஊரைக் கூட்டிச் சொல்லு.”

மல்வீனா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அம்மா, சூப் பத்து நிமிஷத்துல காலியாயிடும். கேக் போட்டோவுல முப்பது வருஷம் நிக்கும். குடுத்துடு.”

போஷேனா கழுத்துத் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். “எடுத்துட்டுப் போ. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. ஆனா அந்தச் சூப்பை நீயும் என் முன்னாடி உக்காந்து குடிக்கணும்.”

“குடிக்கிறேன்.”

அன்று மாலையே ஸெனோன் டிரெய்லரில் உருளைக்கிழங்குக் கூடைகளை ஏற்றினான். போஷேனாவின் கணவன் உதவிக்கு வந்து முதல் கோழியை இறக்கையில் கொத்தாகப் பிடித்தான். அது அலறியது, அவன் கையில் ரத்தம். அல்டோனா அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். பிறகு அவளே ஒவ்வொன்றாக, உடம்பைத் தொடாமல், தீனிக் கிண்ணத்தைக் காட்டிக் கூடைக்குள் நடக்கவைத்தாள். முழுதாக இரண்டரை மணிநேரம் ஆனது.

எங்கே வைப்பது? கொட்டிலில் புதுக் கோழிகளை விட்டால் சீமாட்டியும் தங்கைகளும் கொத்தியே கொல்வார்கள். ஏரிக்கரையில் ஸெனோனின் குளியல் குடிசை இருந்தது. சனிக்கிழமை தோறும் கல்லைக் காயவைத்து ஆவியில் வேர்த்துவிட்டுப் பனியில் புரள்வது அவன் வாழ்க்கையின் ஒரே சொகுசு. அல்டோனா கேட்கவில்லை. அவனாகவே சாவியை நீட்டினான்.

“எத்தனை நாளைக்கு?”

“பிப்ரவரி வரைக்கும்.”

“அது வரைக்கும் நான் குளிக்க வேணாமா?”

“அதுங்களோட சேர்ந்து குளி. யாரும் மேல ஒண்ணும் போடலியே.”

தினமும் நாலே விறகு. கொதிக்கவிடாமல், குளிர் மட்டும் முறிகிற அளவுக்கு. மீனும் பட்டாணியும் மறுபடி வெந்தன. முதல் இரவில் இரண்டு செத்தன. மீதி இருபத்தொன்பதும் பெஞ்சுப் படிகளில் வரிசையாக உட்கார்ந்து, பெரிய மனிதர்கள் குளிக்க வந்ததுபோல முறைத்துக்கொண்டிருந்தன.

இருபத்திரண்டாம் தேதி செங்காச் சுட்டார்கள். அவள் ஊற்ற, ஸெனோன் சுழற்ற, கேக் ஒன்றுக்கு நாலு மணிநேரம். மாவு மஞ்சள் கருவின் நிறத்தில் சொட்டிச் சொட்டிக் கிளை விட்டது. மிஞ்சிய இரண்டு முட்டையை ஸெனோன் பொரித்துத் தின்றான்.

*

கல்யாணம் தீயணைப்பு நிலையக் கூடத்தில். நூற்றிருபது பேர். மேஜைக்கு நடுவே மூன்று செங்காச் பொன்னிறமாக நின்றன. சம்பந்தியம்மாள் ஒன்றைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இது வீட்டு முட்டை” என்று தலையசைத்தாள். போஷேனா முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் சூப் வரும்வரை இருந்தது.

பெரிய பெரிய பாத்திரங்களில் சூப் வந்தது. நூடுல்ஸ் இருந்தது, காரட் இருந்தது, மேலே மிதக்க வேண்டிய பொன் எண்ணெய் இல்லை. போஷேனா தன் கையாலேயே அல்டோனாவுக்கு ஊற்றினாள். ஹிப்போலித் முதல் கரண்டியை வாயில் வைத்தார். யோசித்தார். இரண்டாம் கரண்டி வைத்தார். ஏழு கோழி போன துக்கம்கூட அந்த நாக்கை அடக்கவில்லை.

“இது கடைக் கோழி.”

சம்பந்தி வீட்டார் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்கள். நூற்றிருபது பேரில் கலினுவ்காக்காரர்கள் எல்லோரும் அல்டோனாவைப் பார்த்தார்கள். ஊருக்கு முழுக்கதையும் தெரியும். போஷேனா அகப்பையோடு நின்றாள். காது வரை சிவந்திருந்தது. அல்டோனா தலையைக் குனிந்துகொள்வாள், அல்லது எழுந்து போய்விடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அல்டோனா கரண்டியைக் கீழே வைத்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அடி தெரிகிறவரை குடித்தாள். நல்ல உடுப்பின் தோளில் ஒரு சின்ன வெள்ளை இறகு ஒட்டியிருந்தது. மல்வீனா எடுக்கக் கை நீட்டினாள்; வேண்டாமென்று தலையசைத்தாள்.

“ஆமா, கடைக் கோழிதான்” என்றாள், கடைசி மேஜைக்கும் கேட்கிற மாதிரி. “இதுல வெந்திருக்க வேண்டியதுங்க இருபத்தொன்பது, எங்க குளியல் குடிசையில உக்காந்து இறகு முளைச்சுக்கிட்டு இருக்கு. மூணு அரசர் நாளன்னிக்கு யாராவது பல்பைக் கழட்டினீங்கன்னா உங்க மிச்சக் கோழிங்களையும் கொண்டாந்து என்கிட்ட விடுங்க, இடம் இருக்கு. சூப் பிடிக்காதவங்க குடிக்காதீங்க.”

கிண்ணத்தை நீட்டினாள்.

“எனக்கு இன்னொரு அகப்பை ஊத்து, போஷேனா.”

போஷேனா அவளைப் பார்த்தாள். இறகைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தின் அடிவரை அகப்பையை விட்டு, நூடுல்ஸும் காரட்டும் இறைச்சியுமாக அள்ளி, விளிம்பு வரை ஊற்றினாள்.